அடி எண்ணும் கருவியும் அந்தி வயதும்

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலே பொழுது சாய்வதைக் கண்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. நீரின் மேல் வெயில் மஞ்சளாகி, பின் செம்மையாகி மறைய, வீச்சுவலைக்காரரின் தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை சேரும். அப்படியான ஒரு மாலையிலேதான் என் பெரியம்மாவின் கையில் கட்டியிருந்த சிறு கருவி ஒரு வழக்கைத் தொடக்கி வைத்தது.

பெரியம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. எங்கள் பகுதி வழமைப்படி வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்புறத்திலே சிறியதொரு வீட்டில் இருக்கின்றார். மகன் கனடாவில் இருக்கின்றான். தாயின் உடல்நலத்தைத் தொலைவிலிருந்தே அறிந்துகொள்ளலாம் என்ற ஆவலில், அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை ஆவணி மாதத்தில் அனுப்பி வைத்தான். நாள்தோறும் எத்தனை அடி நடந்தார் என்ற கணக்கு, வீட்டிலுள்ள கைத்தொலைபேசி வழியாக அவனுக்குப் போய்ச் சேரும்.

அன்று மாலை அவன் அழைத்தான். “என்ன அம்மா, இண்டைக்கு முழுநாளும் நானூறு அடிதானே நடந்திருக்கிறீங்கள்? இப்பிடி இருந்தால் கால் விறைச்சுப் போகும் அல்லவா?”

பெரியம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “என்ன மனே சொல்றாய்? விடியக் காலமை வளவு கூட்டினேன். கிணத்தடிக்கு நாலு தரம் போனேன். கோயிலுக்கும் போய்வந்தேன். நான் சும்மா இருந்தெண்டா இந்த வேலையெல்லாம் ஆர் செய்தது?” என்றார்.

மகன் கருவியை நம்பினான். தாய் தன் கால்களை நம்பினார். இருவருக்குமிடையே நின்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆசிரியத் தொழில் செய்தவனாகையால், தீர்ப்புக்கு முன் சோதனை வேண்டுமென்று கருதினேன். அந்தச் சோதனையே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஏன் அளக்க வேண்டும்?

முதுமை வேறு, தளர்நிலை வேறு. தொண்ணூறு வயதிலும் வரம்பில் நடந்து வயல் பார்க்கும் பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். அறுபத்தைந்திலேயே ஒரு சிறு காய்ச்சலில் விழுந்து எழ முடியாமற் போவோரும் உள்ளனர். உடலின் சேமிப்பு மெல்ல மெல்லக் கரைந்து, சிறிய தாக்கத்தையும் தாங்க இயலாத நிலை வருவதையே மருத்துவர்கள் தளர்நிலை என்கின்றனர்.

இந்நிலையை வரையறுக்க அமெரிக்க மருத்துவ அறிஞர் லிண்டா பிரீட்டும் அவருடைய குழுவினரும் 2001ஆம் ஆண்டில் ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். முயலாமலே உடல் எடை குறைதல், அடிக்கடி களைப்புறுதல், கைப்பிடியின் வலு குன்றுதல், நடை மந்தமாதல், உடலுழைப்புக் குறைதல் என்பனவே அவை. இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்நிலை. ஒன்று அல்லது இரண்டு இருந்தால் தளர்நிலைக்கு முந்திய படி. முந்திய படியில் இருப்பவரை மீட்பது எளிது. ஆகவே காலத்தில் கண்டறிதலே முதற் கடமையாகின்றது.

நம் நாட்டில் இத்தகையோர் எத்தனை பேர்? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே, மக்களில் 12.4 வீதத்தினர் அறுபது வயதை எட்டியோராக இருந்தனர். அதன்பின் அப்பங்கு ஏறியே வருகின்றது. கேகாலை மாவட்டத்தின் கிராமங்களிலே அறுபது வயதும் அதற்கு மேலுமான 746 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2019இல் வெளியாயிற்று. பிரீட் வகுத்த அடையாளங்களைக் கொண்டு பார்த்தபோது, அவர்களுள் 15.2 வீதத்தினர் தளர்நிலையிலும் 48.5 வீதத்தினர் அதற்கு முந்திய படியிலும் இருந்தனர். நூறு பேரில் ஏறக்குறைய அறுபத்துநால்வர் இவ்விரு வகையுள் ஒன்றில் அடங்கினர் என்றால், இது மருத்துவருக்கு மட்டும் உரிய கவலை ஆகாது.

மேலும், இது தலைவிதி என்று விட்டுவிட வேண்டியதுமன்று. அமெரிக்காவிலே எழுபது முதல் எண்பத்தொன்பது வயது வரையான, உடலுழைப்பு மிகக் குறைந்த 1,635 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2014இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு நடையும், கால்வலு, சமநிலை ஆகியவற்றுக்கான பயிற்சியும் முறையாக அளிக்கப்பட்டன. மற்றச் சாராருக்கு உடல்நலம் பற்றிய விரிவுரைகள் மட்டும் நடந்தன. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில், 400 மீற்றர் தூரத்தை நடந்து கடக்க இயலாத நிலையை அடைந்தோர் முதற் சாராரில் 30.1 வீதம், மற்றச் சாராரில் 35.5 வீதம். வேறுபாடு பெரிதாகத் தோன்றாதிருக்கலாம். ஆனால் 400 மீற்றர் என்பது பலருக்கு வீட்டிலிருந்து கோயில் வரை உள்ள தூரமல்லவா? அந்தத் தூரத்தை இழந்தவர் ஊரையே இழக்கின்றார்.

கேள்வியும் விடையும்

ஒருவர் எவ்வளவு உழைக்கின்றார் என்பதை அறிய வினாத்தாளையே ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் நம்பி வந்தனர். பிரீட்டின் ஐந்தாம் அடையாளமும் அமெரிக்காவின் மினசோட்டாவிற் பிறந்த வினாத்தாள் ஒன்றின் சுருக்கத்தைக் கொண்டே அளக்கப்பட்டது. நடத்தல், தோட்ட வேலை, புல் வெட்டுதல், மலைவழி நடை, நடனம், கோல்ப், டெனிஸ், நீச்சல் என்றவாறு பதினெட்டுச் செயல்கள் அதில் இருந்தன. ஒரு வாரத்தில் அவற்றாற் செலவாகும் சக்தி ஆண்களுக்கு 383 கலோரிக்கும் பெண்களுக்கு 270 கலோரிக்கும் குறைந்தால், உழைப்புக் குன்றியது என்பது கணக்கு.

படுவான்கரை மூதாட்டி ஒருவரிடம் இத்தாளை நீட்டிப் பாருங்கள். கோல்ப் விளையாட்டை அவர் அறியார். நெல் புடைத்தலும், கிணற்றில் நீர் அள்ளுதலும், பாய் இழைத்தலும், பேரப்பிள்ளையை இடுப்பிற் சுமத்தலும் தாளில் இல்லை. அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. “நாள்முழுதும் என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டால், நம் பெண்கள் பெரும்பாலும் “ஒண்டுமில்லை, சும்மாதான் இருக்கிறன்” என்றே விடை சொல்வார்கள். விடியல் தொட்டுப் படுக்கை வரை செய்வதெல்லாம் அவர்கள் கணக்கில் வேலையன்று.

எங்கள் பகுதிக்கு வேறொரு குறையும் உண்டு. இலங்கையரின் நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றோடு உடலுழைப்பையும் ஆராய்ந்த பெரிய ஆய்வொன்று 2005இலும் 2006இலும் நடந்தது. ஒன்பது மாகாணங்களுள் ஏழில் மட்டுமே அது நடைபெற்றது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. இலங்கையரின் நடையைப் பற்றி அந்த ஆய்விலிருந்து எழுந்த கணக்கிலே வாவிக்கரை மக்களின் ஓர் அடிகூட இல்லை. 1978இன் சூறாவளியையும், 2004இன் கடல்கோளையும், 2009 வரை நீண்ட போரையும் தாங்கி, பலமுறை இடம்பெயர்ந்து நடந்த கால்களுக்கு இப்படியும் ஒரு விடுபாடு நேர்ந்தது.

வினாத்தாள் பொய்த்தால், உடலிலே அணியும் கருவியாவது உண்மை பேசுமா? அதை அறியுமுன் கருவியின் உட்பொருளை அறிதல் நன்று.

தோணியில் நிற்பவன்

வாவியிலே தோணியில் நின்று பயணம் செய்தவர்களுக்கு இதை விளக்குதல் எளிது. ஓட்டுபவர் மரக்கோலைத் தரையில் ஊன்றிச் சட்டென்று தள்ளும்போது, நிற்பவரின் உடல் பின்னோக்கிச் சாய்கின்றது. தோணி கரையில் முட்டும்போது உடல் முன்னோக்கி விழப் பார்க்கின்றது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும், தம் உடல் சாய்வதைக் கொண்டே தோணி என்ன செய்தது என்பதை அவர் சொல்லிவிடலாம்.

கடிகாரத்தினுள் இருக்கும் ஆர்முடுகல்மானியும் இவ்வாறே தொழிற்படுகின்றது. மணற்பருக்கையளவான சிலிக்கன் துண்டிலே, நுண்ணிய வில்களால் தாங்கப்பட்ட ஒரு சிறு திணிவு இருக்கின்றது. கை அசையும்போது அத்திணிவு சற்றே பின்தங்கி விலகும். அவ்விலகலால், அருகிலுள்ள தகடுகளுக்கிடையேயான மின்கொள்ளளவம் மாறும். அம்மாற்றத்தைக் கருவி ஒரு விநாடிக்குப் பல பத்துத் தடவை பதிவு செய்கின்றது. மேல்-கீழ், முன்-பின், இடம்-வலம் என்ற மூன்று திசைகளிலும் இப்பதிவு நடைபெறும். நடையின் ஒவ்வோர் அடியும் ஓர் அலையை எழுப்புகின்றது. அலைகளின் உயரத்தையும் இடைவெளியையும் பார்த்து, “இது ஓர் அடி” என்று கணிதவிதி ஒன்று தீர்மானிக்கின்றது.

மற்றொரு நுட்பமும் உண்டு. உடல் அசையாதிருக்கும்போதும் புவியீர்ப்பு அத்திணிவை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கருவி எத்திசையிற் சாய்ந்துள்ளது என்பதும் பதிவாகும். தொடையிலே ஒட்டிய கருவி, தொடை கிடையாக இருந்தால் அமர்ந்திருக்கின்றார் என்றும், நிமிர்ந்திருந்தால் நிற்கின்றார் என்றும் பிரித்தறிவது இவ்வாறுதான். முதியோருக்கு இது மிகவும் வேண்டப்படும் செய்தி. நாளில் எத்தனை தடவை இருக்கையிலிருந்து எழுந்தார் என்பது கால்வலுவைப் பற்றிப் பலவற்றை உரைக்கும்.

இக்கருவிகள் விளையாட்டுப் பொருள்களல்ல. பிரித்தானியாவிலே 2013 முதல் 2015 வரை, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மணிக்கட்டில் ஏழு நாள் இவற்றை அணிந்து ஆராய்ச்சிக்கு உதவினர்.

கருவி தவறும் இடங்கள்

நிற்க, பெரியம்மாவின் வழக்குக்கு வருவோம். மறுநாட் காலை அவர் கோயிலுக்குப் புறப்பட்டபோது நானும் உடன் சென்றேன். அவருக்குத் தெரியாமல் ஒவ்வோர் அடியையும் மனத்துக்குள் எண்ணினேன். வீதி முனையிலுள்ள ஆலமரம் வரையில் இருநூற்றுப் பன்னிரண்டு அடிகள். கடிகாரம் காட்டியது அறுபத்தொன்று. காரணத்தைக் கண்ணாற் கண்டேன். பெரியம்மாவின் வலக்கையில் ஊன்றுகோல். இடக்கை சேலைக் கொய்யகத்தைப் பற்றியிருந்தது. கடிகாரம் கட்டிய அந்த இடக்கை வீசவேயில்லை. அத்தோடு அவர் நடை, பாதத்தை உயர எடுத்து வைக்காமல் நிலத்தோடு இழைந்து செல்லும் மெல்லிய நடை. எழும் அலை அத்துணைச் சிறியது. வலுவான அலைகளையே அடியென்று கொள்ளப் பழகிய கருவி, இவற்றை அடியென மதிக்கவில்லை.

இக்குறையை ஆராய்ச்சியாளர் நன்கு அறிவர். விநாடிக்கு ஏறத்தாழ 0.8 மீற்றரிலும் மெதுவாக நடப்போரிடத்தில், சாதாரண அடியெண்ணிகள் பல அடிகளைத் தவறவிடுகின்றன. ஊன்றுகோலும் தள்ளு சட்டகமும் பிடிப்போரிடம் மணிக்கட்டுக் கருவியின் பிழை இன்னும் கூடும். அந்தோ! யாருடைய நடையை அறிய வேண்டுவது மிக அவசியமோ, அவருடைய நடையையே கருவி குறைவாக அறிகின்றது. கணுக்காலில் அணிந்தால் இப்பிழை பெரிதும் குறையும் என்று படித்திருந்தேன். கடிகாரத்தை ஒரு துணித்துண்டினால் பெரியம்மாவின் கணுக்காலிற் கட்டினேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “இந்த வயசில சலங்கை கட்டி என்னைக் கூத்தாடவா விடப்போறாய், மனே?” என்றார்.

திரும்பி வரும்போது அதே வழியில், அதே இருநூற்றுச் சொச்சத்துக்குக் கடிகாரம் நூற்றுத் தொண்ணூறு காட்டிற்று. தீர்ப்புத் தாயின் பக்கமாயிற்று.

இன்னொரு பிழையும் சொல்லத்தக்கது. உழைப்பு மென்மையானதா, மிதமானதா என்று பிரிக்க ஆராய்ச்சியாளர் ஓர் எல்லையெண்ணை வைத்துக்கொள்வர. 1998இல் வகுக்கப்பட்டுப் பரவலாக வழங்கிய ஓரெல்லை, இடுப்பில் அணியும் கருவியில் ஒரு நிமிடத்துக்கு 1,952 எண்ணிக்கை என்பது. அது ஐம்பது இளைஞரையும் யுவதியரையும் நகரும் பட்டியில் நடக்கவும் ஓடவும் விட்டுக் கண்டது. இருபத்து நான்கு வயதினருக்கு மிதமான வேகம், எண்பது வயதினருக்கு மூச்சிரைக்கும் வேகமன்றோ? பின்னர், 2009இல் முதியோரையே நடக்கவிட்டுக் கண்ட எல்லை 1,041 ஆக இருந்தது. பழைய எல்லையைக் கொண்டு பார்த்தால் சோம்பலாகத் தோன்றும் முதியவர், புதிய எல்லையில் உழைப்பாளியாகி விடுகின்றார். மாறியது மனிதரல்லர், அளவுகோலே.

மூன்றாவது பிழை சுழியத்தைப் பற்றியது. கருவியைக் கழற்றி வைத்தாலும் சுழியம். அணிந்தவர் அசையாது அமர்ந்திருந்தாலும் ஏறக்குறையச் சுழியமே. தொடர்ந்து அறுபது நிமிடமோ தொண்ணூறு நிமிடமோ அசைவு இல்லையெனில், கருவி அணியப்படவில்லை என்று கொண்டு அந்நேரத்தை நீக்கிவிடுதல் ஆராய்ச்சி வழக்கு. இளைஞருக்கு அது பொருந்தலாம். திண்ணையில் சாய்ந்தபடி பகல் முழுதும் வாவியைப் பார்த்திருக்கும் தளர்ந்த முதியவருக்குப் பொருந்துமா? அவரது அசைவற்ற நேரமே நோயின் அடையாளம். அந்த அடையாளத்தையே கணக்கு துடைத்துவிடக் கூடும்.

பதினாயிரம் என்னும் மந்திரம்

மகனுக்கு இவ்வளவையும் விளக்கியபோது அவன் இன்னொரு கேள்வி எழுப்பினான். “நாளுக்குப் பதினாயிரம் அடி நடக்க வேண்டுமென்று சொல்கிறார்களே, அம்மா இரண்டாயிரந்தானே நடக்கிறா?”

பதினாயிரம் என்ற எண் மருத்துவ நூலிற் பிறந்ததன்று. தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் மறு ஆண்டாகிய 1965இல், யப்பானிய நிறுவனம் ஒன்று அடியெண்ணி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு இட்ட பெயரின் பொருள் ‘பதினாயிரம் அடி மானி’ என்பது. பெயர் நாவில் நின்றது. எண் உலகெங்கும் பரவியது.

உண்மை நிலையை அறிய ஐ-மின் லீ என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 16,741 அமெரிக்கப் பெண்களுக்குக் கருவி அணிவித்தனர். அவர்களின் சராசரி வயது 72. முடிவு 2019இல் வெளிவந்தது. நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தோருடன் ஒப்பிடுகையில், 4,400 அடி நடந்தோரின் இறப்பு 41 வீதம் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு அப்பால் மேலதிக நன்மை காணப்படவில்லை. இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நோயுற்றவர் குறைவாக நடப்பர். ஆகையால் நடையின் குறைவு நோயைத் தந்ததா, நோய் நடையைக் குறைத்ததா என்பதை இத்தகைய ஆய்வு மட்டும் தீர்த்துவிடாது. ஆயினும் பெரும் பயன், மிகக் குறைவாக நடப்போர் சற்றே கூட நடப்பதில் உள்ளது என்ற கருத்துக்கு இது வலுவூட்டுகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும், சிறிதளவு உழைப்பும் ஒன்றுமில்லாமையிலும் நன்று என்றே கூறுகின்றது.

“உன் அம்மாவைப் பதினாயிரத்தோடு ஒப்பிடாதே, போன மாதத்து அம்மாவோடு ஒப்பிடு” என்று அவனுக்குச் சொன்னேன். சொன்ன நான் அதைக் கடைப்பிடித்தேனா என்பது வேறு கதை.

கருவி சொன்ன உண்மை

ஐப்பசி கழிந்து கார்த்திகை மழை கொட்டிற்று. கணுக்காற் கடிகாரத்தின் கணக்கு இரண்டாயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறாகி, பின் எழுநூறாகியது. மகன் மீண்டும் அழைத்தான். இம்முறை அவனுக்கு நானே மறுமொழி சொன்னேன். “மழைக்காலத்தில் யார் வெளியே நடப்பார்கள்? கருவிதான் முன்னமே பொய் சொன்னதே!” பெரியம்மாவும், “மழை மனே, வேறென்ன?” என்றார்.

மார்கழி முடிந்து தை பிறந்தது. வெயில் வந்தது. கணக்கு ஏறவில்லை. ஒரு நாள் அவர் வளையல்கள் முழங்கை வரை வழுகுவதை அவரது மகள் கண்டாள். பரிவோடு கேட்கக் கேட்கத்தான் உண்மை வந்தது. கார்த்திகையிலே கிணற்றடிப் பாசியில் அவர் கால் வழுக்கியிருக்கின்றது. விழவில்லை; கப்பிக்கட்டையைப் பிடித்து நின்றுவிட்டார். ஆனால் அன்று தொட்டு அச்சம் பற்றிக்கொண்டது. விழுந்து இடுப்பு முறிந்தால் மகளுக்குப் பாரமாவேனே என்ற அச்சம். அதனால் நடையைக் குறைத்தார்; நடை குறையப் பசி குறைந்தது; பசி குறைய வலு குறைந்தது. இதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். கடிகாரம் மட்டும் அறிந்து, நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது. முதலிற் பொய்த்தது என்பதற்காக, பின்னர் அது மெய் சொன்னபோதும் நாம் செவி கொடுக்கவில்லை.

வைத்தியர் முதலிற் செய்த சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கைகளை மார்பிற் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் சொன்னார். இரண்டாவதிலேயே பெரியம்மா தடுமாறினார். பின்பு நான்கு மீற்றர் தூரத்தை நடக்கச் சொல்லி மணி பார்த்தார். எட்டு விநாடியாயிற்று. ஆசியருக்கென 2019இல் வகுக்கப்பட்ட அளவின்படி, விநாடிக்கு ஒரு மீற்றருக்குக் குறைந்த நடை கவனத்துக்குரியது. பெரியம்மாவின் நடை அதிற் பாதி. கண்களிலே புரை முற்றியிருப்பதையும் அவர் கண்டார். கிணற்றடிக்குக் கைப்பிடிக் கம்பி, புரைக்குச் சிகிச்சை, உணவில் மீனும் முட்டையும் பருப்பும், நாற்காலியிலிருந்து எழுந்தமரும் பயிற்சி நாளுக்கு இருவேளை என்று வழி சொன்னார்.

வாவிக்கரைக்கு வேண்டுவது

ஒரு மூதாட்டியின் கதையைக் கொண்டு ஊருக்கெல்லாம் விதி வகுத்தல் தகாது. எனினும் எதிர்காலத்தில் எங்கள் பகுதியில் ஆராய்ச்சி செய்ய முன்வருவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்திலே சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் உண்டு. நகரிலே போதனா வைத்தியசாலை உண்டு. இப்பணியை ஏற்க வெளியூர் அறிஞரை மட்டும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

முதலாவது, அளவுகோலை இங்குள்ள நடையைக் கொண்டே சரிபார்க்க வேண்டும். வெறுங்காலோடு மணலில் நடக்கும் நடையும், செருப்போடு தார்வீதியில் நடக்கும் நடையும் ஒன்றல்ல. குந்தியிருந்து மீன் வெட்டுவதையும், நிலத்திலிருந்து கையூன்றி எழுவதையும் நாற்காலி நாட்டுக் கணிதவிதிகள் அறியமாட்டா.

இரண்டாவது, ஏழு நாட் கணக்கைக் கொண்டு ஆண்டைத் தீர்மானிக்கலாகாது. மாரி வெள்ளத்தில் அடைபட்டிருக்கும் முதியவரே, வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திக்கு நாள்தோறும் நடப்பார். ஒகந்தை வழியாகக் குமுக்கன், யால காடுகளைக் கடந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் கூட்டத்திலே நரைத்த தலைகள் எத்தனை! வழிகளும் மாறுகின்றன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், துறைக்கு நடந்து ஓடத்துக்குக் காத்திருந்தோர் இன்று முச்சக்கர வண்டியிற் கடக்கின்றனர். அது நன்மையே, ஆனால் நாளுக்குச் சில நூறு அடிகள் நம்மை அறியாமலே கரைந்தன.

மூன்றாவது, கணக்கு யாருக்கு உரியது என்ற கேள்வி. கண்காணிப்பு என்ற சொல்லுக்கு எங்கள் பகுதியிலே கசப்பான பொருள் ஒன்று உண்டு. எங்கே போனாய், எப்போது வந்தாய் என்று கேட்கப்பட்டே பல்லாண்டு வாழ்ந்தவர்கள் இம்முதியோர். அவர்கள் உடலிற் கட்டும் கருவி எதைப் பதிகின்றது, யாருக்கு அனுப்புகின்றது என்பதை அவர்கள் மொழியில் விளக்கி, மனமார்ந்த இசைவு பெற்ற பின்னரே கட்ட வேண்டும். மகனாயினும் இவ்விதிக்கு விலக்கல்லன். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. உரிமை என்பதில் தன் உடலின் கணக்கைத் தானே ஆளும் உரிமையும் அடங்க வேண்டாமா?

கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. நான்கு மீற்றர் கயிறும், ஒரு நாற்காலியும், விநாடி காட்டும் கடிகாரமும் எந்தப் பாடசாலையிலும் கிடைக்கும். ஊர் முதியோர் சங்கங்களோடு சேர்ந்து, உயர்வகுப்பு மாணவர் ஆறு மாதத்துக்கொரு முறை பெரியவர்களின் நடையை அளந்து குறித்து வைத்தால், சரிவு தொடங்கும்போதே வைத்தியருக்குச் சொல்லலாம். நான்கு மீற்றருக்கு ஐந்து விநாடிக்கு மேலாகின்றது என்றால், அவரோடு சற்றிருந்து பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.

சுழியம் காட்டிய நாள்

பெரியம்மாவின் கணக்கு மெல்ல ஏறியது. மாசியில் ஆயிரம்; சித்திரையில் ஆயிரத்து அறுநூறு. பழைய இரண்டாயிரத்தை அது இன்னும் எட்டவில்லை, எட்டாமலே போகலாம். ஆனால் கிணற்றடிக் கம்பியைப் பிடித்தபடி அவர் மீண்டும் நீர் அள்ளுகின்றார்.

வைகாசியில் குளிர்த்தி வந்தது. அன்று விடியற்காலையில் நீராடி வெள்ளைச் சேலை உடுத்திப் புறப்பட்டவர், கடிகாரத்தைக் கணுக்காலிலிருந்து அவிழ்த்து என் கையிலே தந்தார்.

“இண்டைக்கு ஒருநாள் இது வேணாம் மனே. அம்மாளிட்டப் போறதுக்குக் கணக்கென்ன?” என்றார்.

கோயிலுக்கு நடந்தார். வீதியை மும்முறை சுற்றினார். உறவினர் வீடு நான்கில் ஏறி இறங்கினார். இரவு குளிர்த்தி முடியும்வரை நின்று, பேத்தியின் தோளைப் பிடித்தபடி வீடு திரும்பினார்.

அன்றிரவு கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. மகனின் குரலிலே பதற்றம். “அம்மாவுக்கு என்ன? இண்டைக்கு முழுநாளும் சுழியம் காட்டுது!”

பெரியம்மா பாயில் அமர்ந்து கால்களை நீட்டி, முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தொலைபேசியை அவர் காதருகே பிடித்தேன். கோயிலிற் கண்ட கூட்டத்தையும், நேர்கடன் வைத்தவர்களையும், வழியிற் சந்தித்த பழைய தோழியரையும் அவர் ஒவ்வொன்றாக மகனுக்குச் சொல்லத் தொடங்கினார். அவன் இடைமறிக்காமற் கேட்டுக்கொண்டிருந்தான்.